உம் கொட்ட ஓர் ஆள்: சிநேகிதர்களோடு வாராவாரம் சிரிப்பு பாட்காஸ்ட்

அப்பத்தா கதை சொல்லும்போது எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். "தூங்கிட்டியாடா?" என்று அப்பத்தா தொட்டுப் பார்க்கும். எங்கள் பக்கம் வளர்ந்த எல்லோருக்கும் இது தெரியும். இருந்தும் பாட்காஸ்ட் ஆரம்பித்தபோது இதை நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. நீங்களும் நாலு சிநேகிதர்களைச் சேர்த்து ஒன்று ஆரம்பிக்க நினைத்தால், மைக்கைத் தேடுவதற்கு முன்னால் உம் கொட்டும் ஆளைத் தேடுங்கள்.

நான் மதுரைப் பக்கம் ஒத்தக்கடையில் மைக்செட் வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த தொழில். மற்ற மூன்று பேரும் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஒருவர் மேலூர்ப் பக்கம் ஓடும் மினி பஸ்ஸில் கண்டக்டர். ஒருவர் அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சர். இன்னொருவருக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. கண்டக்டர் பேச ஆரம்பித்தால் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர்கூட வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார். அவரை மைக் முன்னால் உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது என்றே நம்பினோம். முகூர்த்த நெருக்கடி என்பதால் முதல் மூன்று பதிவுக்கும் பூக்கடைக்காரர் வரவில்லை. பதிவைப் போட்டுக் கேட்டால், அதே கண்டக்டர், அதே கதை, ஆனால் அறிக்கை வாசிப்பது போல இருந்தது. நாலாவது வாரம் பூக்கடைக்காரர் சும்மா வந்து உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் கதைக்கு உயிர் வந்தது.

அன்றைய கதை இது. சனிக்கிழமை பஸ்ஸில் ஒரு பாட்டி ஏறியிருக்கிறார். ஆட்டுக்கல் குழவியை மடியில் வைத்திருக்கிறார். கண்டக்டர் லக்கேஜ் கேட்டிருக்கிறார். "மடியில வச்சிருக்கேன், மடிக்கு என்னய்யா லக்கேஜு?" என்றாராம் பாட்டி. இந்த இடத்தில் பூக்கடைக்காரர் குறுக்கே ஒரு கேள்வி கேட்டார்: "வெறுங்குழவியாவா வச்சிருந்துச்சு?"

"இல்ல மாப்ள, துண்டுல சுத்தி, பச்சப்புள்ள மாதிரி."

"அப்புறம்?"

"நானும் விடல. 'புள்ளைக்கு எத்தன வயசு? அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?'ன்னேன். அது யோசிக்கவே இல்ல. 'எங்க மாமியா காலத்துது'ன்னுச்சு."

டீச்சர் உடனே, "பாட்டி சொன்னது சரிதான், பழந்தமிழ்ல குழவின்னா குழந்தைன்னும் அர்த்தம் உண்டு" என்றார். நாலு பேரும் சிரித்து அடங்க அரை நிமிடம் ஆனது.

அந்தத் துண்டைக் கவனியுங்கள். கண்டக்டர் அதைச் சொல்லாமலே தாண்டிப் போயிருப்பார், அவர் கண்ணால் பார்த்தவர் ஆயிற்றே. வீட்டில் கேட்கிறவருக்கு அது தெரிய வழியில்லை, எழுந்து கேட்கவும் முடியாது. அவருக்குப் பதிலாக அறைக்குள் ஒருவர் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி வந்ததால்தான் பாட்டி நம் கண்ணுக்குத் தெரிந்தார், டீச்சரின் குழவிக்கும் இடம் கிடைத்தது. சிரிப்பு நிகழ்ச்சியில் கதை சொல்கிறவருக்குச் சமமான வேலை இது. சிநேகிதர் கூட்டத்தில் பேச்சுக் குறைவாக, ஆனால் முகம் கொடுத்துக் கேட்கிற ஒருவர் எப்போதும் இருப்பார். "எனக்குப் பேச வராதுப்பா" என்று ஒதுங்குவார். அவரை விடாதீர்கள்.

அதேபோல ஒரு நடுவரும் வேண்டும். மதுரையில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2021-இல் பத்மஸ்ரீ வாங்கிய எங்கள் ஊர் சாலமன் பாப்பையா அய்யா மேடையில் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். இரண்டு கட்சியையும் பேச விடுவார், நடுவில் ஒரு வரி போடுவார், கூட்டம் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து அடுத்தவரைக் கூப்பிடுவார். எங்களுக்கு அது டீச்சர் வேலை. கதை கிளை பிரிந்து போனால் இழுத்துக்கொண்டு வருவார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கையைக் காட்டி ஒருவரை நிறுத்துவார். எங்கே முடிப்பது என்பதும் அவர் தீர்ப்புதான்.

முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள்

இது எங்களுக்குள் கறாரான சட்டம். வாரத்தில் நடந்ததை டீக்கடையிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லக் கூடாது. ஆளுக்கு மூன்று விஷயம், ஒரு விஷயத்துக்கு ஒரே வரி, சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். "பாட்டி – குழவி – லக்கேஜ்", அவ்வளவுதான். டீச்சர் மட்டும் எல்லார் நோட்டையும் பார்த்து வரிசை போடுவார். ஒருமுறை சிரித்த கதைக்கு மறுபடி சிரிக்கச் சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் அது வேறு சிரிப்பு. கேட்கிறவர் கண்டுபிடித்துவிடுவார்.

"ஒத்திகை வேண்டாமா?" என்று கேட்பீர்கள். மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களுக்கு நான் எத்தனையோ ராத்திரி மைக் கட்டியிருக்கிறேன். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் வேறு ஊர், ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊர். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. ராத்திரி மேடையேறினால் விடிய விடிய நடக்கும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போட்டுக்கொடுத்த கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். அது பந்தக்கால். அதைப் பிடித்துக்கொண்டு பபூன் அந்த ஊர்த் தெருவையும் அன்றைய சங்கதியையும் இழுத்துப் பேசுவார்.

பாட்காஸ்டுக்கும் பந்தக்கால் வேண்டும். எங்களுக்கு மூன்று. முதலில் கண்டக்டரின் பஸ் கதை, பதினைந்து நிமிடம். அடுத்து டீச்சரின் தீர்ப்பு: யாராவது ஒருவர் சின்ன வழக்கு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். பரோட்டாக் கடையில் சால்னா இரண்டாம் முறை கேட்பது உரிமையா, சலுகையா என்று ஒரு வாரம் ஓடியது. கடைசியில் என் பங்கு, போஸ்டர். காதுகுத்து முதல் கட்சி மாநாடு வரை எதற்கும் போஸ்டர் அடிக்கிற ஊர் எங்கள் ஊர். அன்றாடக் காரியம் ஒன்றைச் செய்தவருக்கு ஒரு போஸ்டர் வாசகம் எழுதி, ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி விளம்பரம் சொல்வதுபோல வாசிப்பேன். "ஆதார் அட்டையில் தன் முகம் போலவே வந்த தங்கமே, வருக வருக!" இது டீச்சரின் அண்ணனுக்கு எழுதியது. அவரே கேட்டு வாங்கித் தன் கடையில் ஒட்டிக்கொண்டார். உங்கள் பந்தக்கால் உங்கள் ஊரிலிருந்தும் தொழிலிலிருந்தும் வரட்டும். டிவி நிகழ்ச்சியைப் பார்த்து எடுக்காதீர்கள்.

எந்தக் கிழமை

வாராவாரம் என்று சொல்லிவிட்டால் கிழமைதான் பெரிய விஷயம். நாங்கள் செவ்வாய் மாலை ஏழரையைப் பிடித்தோம். செவ்வாயன்று பெரும்பாலும் விசேஷம் வைக்க மாட்டார்கள், எனக்கு மைக்செட் வாடகை இருக்காது. பூக்கடைக்காரர் அதிகாலை இரண்டு மணிக்கு எழுபவர், ஒன்பது மணிக்கு விட்டுவிட வேண்டும். ஆடி மாதம் மட்டும் திங்களுக்கு மாறுவோம், ஆடிச் செவ்வாயில் தெருவுக்குத் தெரு அம்மன் பாட்டு ஓடும். சித்திரையில் எதிர்சேவைக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் போகாமல் யாரும் மைக் முன்னால் உட்கார மாட்டார்கள். ஆகவே நாள் கிழமை பேசாத இரண்டு எபிசோடு எப்போதும் கையிருப்பில் இருக்கும். முதல் எபிசோடை வெளியிடும் முன்பே மூன்றைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறையும் மைக்கும்

அறைக்கு நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டுங்கள். சத்தம் உடனே அறுந்தால் நல்ல அறை. வால் மாதிரி நீண்டால், எவ்வளவு விலை மைக் போட்டாலும் கிணற்றுக்குள் பேசுவது போலத்தான் இருக்கும். எனக்குப் பந்தல் துணியும் ஜமுக்காளமும் அடுக்கிய கிட்டங்கி இருக்கிறது. உங்களுக்குப் படுக்கையறை போதும். மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள், கொடியில் போர்வை தொங்கட்டும், துணி நிறைந்த பீரோவைத் திறந்து வையுங்கள். மொட்டைமாடித் தகரக் கொட்டகை வேண்டவே வேண்டாம்.

மின்விசிறியை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜையும் நிறுத்துங்கள். நிறுத்தினால் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள், கிளம்பும்போது மறக்காமல் திரும்பப் போடுவீர்கள். மதுரை வெயிலில் விசிறி இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார முடியாது. இருபது நிமிடம் பதிவு, ஐந்து நிமிடம் விசிறியும் மோரும், மறுபடி இருபது நிமிடம். வேர்த்து வழிகிற ஆளிடம் நகைச்சுவை எதிர்பார்க்கக் கூடாது.

தொடக்கத்துக்குப் பணம் செலவழிக்காதீர்கள். நாலு பேரிடமும் போன் இருக்கிறது. நாலையும் ஏரோபிளேன் மோடில் போட்டு, வாய்ஸ் ரெக்கார்டரில் நல்ல தரத்தைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஒரு போன் முன்னால் வையுங்கள். மேசை அதிர்வு ஏறாமலிருக்க அடியில் மடித்த துண்டு. பெரும்பாலான போன்களில் மைக் ஓட்டை கீழ்விளிம்பில் இருக்கும், அது வாயைப் பார்க்கட்டும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். ஒரு மைக்குக்கும் அடுத்த மைக்குக்கும் குறைந்தது மூன்று சாண். இந்த ஒன்றுக்கு மூன்று கணக்கு மைக்செட் தொழிலில் பழசு. இது குறைந்தால் ஒருவர் குரல் இன்னொருவர் மைக்கில் ஏறி, தகர டப்பாவுக்குள் பேசுவது போலாகிவிடும். நேருக்கு நேராக ஊதாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பேசினால் 'ப', 'ம்ப' வரும்போது புஸ்ஸென்று காற்று அடிக்காது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி வட்டமாக உட்காருங்கள். கண்ணைப் பார்த்தால்தான் எப்போது நிறுத்துவது என்று புரியும்.

எல்லாப் போனும் ஓட ஆரம்பித்ததும் பத்து வினாடி யாரும் பேசாதீர்கள். பிறகு நடுவில் ஒருவர் ஓங்கி ஒரு கைதட்டு. முடிக்கும்போதும் ஒரு கைதட்டு. பத்து வினாடி மௌனம் இரைச்சலை நீக்க உதவும். கைதட்டு, நாலு பதிவையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்க உதவும். கடைசிக் கைதட்டு எதற்கென்றால், ஒவ்வொரு போனின் கடிகாரமும் மயிரிழை வித்தியாசமாக ஓடும். தொடக்கத்தில் சேர்ந்திருந்த குரல்கள் அரை மணி நேரத்தில் சற்று விலகும். சிரிப்புக்கு அந்த விலகல் ஆகாது.

பத்து இருபது எபிசோடு தாண்டி, இது நிற்கும் என்று தெரிந்த பிறகு மைக் வாங்குங்கள். மேடையில் கையில் பிடிப்பார்களே, அந்த டைனமிக் வகையே வாங்குங்கள். கண்டென்சர் மைக் நுணுக்கமாகப் பிடிக்கும், அது உண்மை. ஆனால் தெருநாயையும் பக்கத்து வீட்டுக் குக்கரையும் சேர்த்தே பிடிக்கும். அப்பாவின் பழைய அகுஜா மைக்கில்தான் நான் இன்றைக்கும் பேசுகிறேன்.

லெவல், அதாவது பதிவாகும் சத்த அளவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எங்கும் இதைச் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. 'ஹலோ, ஒன் டூ த்ரீ' சொல்லி லெவல் வைக்காதீர்கள். சிரிப்பு நிகழ்ச்சியில் பெரிய சத்தம் சிரிப்புதான். பூக்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தால் அவர் பேச்சைவிடப் பல மடங்கு ஏறும். ஆகவே ஒவ்வொருவரையும் மைக் முன்னால் உண்மையாகச் சிரிக்க வைத்து, அந்த உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். போனில் லெவல் மாற்ற வழி இல்லையென்றால் போனை இன்னும் நாலு விரல் தள்ளி வையுங்கள். உடைந்து பதிவான சிரிப்பை எந்த மென்பொருளாலும் முழுசாக ஒட்ட முடியாது.

வெட்டுவதும் விடுவதும்

ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருள் இலவசம், இதற்கு அது தாராளமாகப் போதும். நாலு பதிவையும் ஏற்றிக் கைதட்டை வைத்து நேராக்குங்கள். அந்தப் பத்து வினாடி மௌனத்தைத் தேர்ந்தெடுத்து இரைச்சல் மாதிரியாகக் கொடுத்து, பிறகு முழுப் பதிவிலும் இரைச்சல் நீக்கத்தை லேசாகப் போடுங்கள். அதிகம் போட்டால் குரல் தண்ணீருக்குள் மூழ்கியது போலாகும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் அடித்தொனி ஒலியை வடிகட்டிவிடுங்கள். எங்களுக்கு நாலுவழிச் சாலை லாரி உறுமல் அதிலேயே பெரும்பாலும் போய்விடும். கடைசியாகச் சத்த அளவை மோனோ (ஒற்றைத் தடம்) என்றால் மைனஸ் 19 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு), ஸ்டீரியோ (இடம் வலம் இரட்டைத் தடம்) என்றால் மைனஸ் 16 என்று வைத்து, எம்பி3-ஆக எடுங்கள். மோனோவில் தரத்தை 96 கேபிபிஎஸ் (வினாடிக்கு 96 கிலோபிட்) என்று போட்டால் 35 நிமிடம் ஏறக்குறைய 25 எம்பிதான் வரும். டேட்டாவைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஒரு மணி நேரம் பதிவு செய்து 35 நிமிடத்தை வைத்துக்கொள்கிறோம். முதலில் போவது நலம் விசாரிப்பு. "வணக்கம், எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா" எல்லாம் அன்புதான், ஆனால் கேட்கிறவர் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கிறார், அவருக்குப் பாட்டி வேண்டும். முதல் நிமிடத்திலேயே ஒரு கதை கால் வைத்திருக்க வேண்டும். மூன்று பேர் ஒன்றாகப் பேசிய இடத்தில் கதை சொல்கிறவரை மட்டும் வைத்து மற்ற இரண்டு குரலையும் தணித்துவிடுங்கள், தனித்தனிப் பதிவு இருப்பதன் லாபம் இது.

சிரிப்பை வெட்டாதீர்கள். சிரிப்புக்கு முந்தைய இடைவெளியை வெட்டவே கூடாது. "எங்க மாமியா காலத்துது" என்பதற்கு முன்னால் கண்டக்டர் முக்கால் வினாடி நிறுத்தினார். நான் முதலில் அதை வெற்றிடம் என்று சுருக்கிவிட்டேன். போட்டுக் கேட்டால் கதையே சப்பென்று போயிருந்தது. திருப்பி வைத்தேன். வெளியிலிருந்து எடுத்து ஒட்டும் சிரிப்புச் சத்தமும் வேண்டாம், உங்கள் பூக்கடைக்காரர் இருக்கிறார்.

யாரைப் பற்றிச் சிரிப்பது

இதை நான் மனசு கனத்துத்தான் எழுதுகிறேன். ஆரம்பத்தில் ஒரு காதுகுத்து மொய்யைப் பற்றிப் பேசினோம். ஒருவர் எழுதிய தொகையைச் சொல்லிச் சிரித்தோம். பெயர் சொல்லவில்லை. ஆனால் ஊரைச் சொன்னோம், மண்டபத்தைச் சொன்னோம். மூன்றாம் நாள் அவர் என் கடை வாசலில் வந்து நின்றார். சண்டை போடவில்லை. "எனக்கு அன்னைக்கு அதான் இருந்துச்சு தம்பி" என்றார். மொய் என்பது எங்கள் பக்கம் எப்பேர்ப்பட்ட விஷயம் என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். அன்றிரவே நாலு பேரும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். எபிசோடை எடுத்துவிட்டோம். ஆனால் ஏற்கெனவே இறக்கி வைத்துக்கொண்டவர்கள் போனில் அது இருக்கத்தான் செய்யும். ஃபீடிலிருந்து, அதாவது எங்கள் எபிசோடு வரிசையிலிருந்து எடுத்தால் இனி வருகிறவர்களுக்குக் கிடைக்காது, அவ்வளவுதான்.

அதிலிருந்து ஒருவருடைய கதை என்றால் அவரிடமே கேட்டுவிட்டுத்தான் போடுகிறோம். குழவிப் பாட்டியைக் கண்டக்டர் அடுத்த சனிக்கிழமை பஸ்ஸில் பிடித்துக் கேட்டார். "எம் பேரு வேணாம், குழவியப் பத்தி எம்புட்டு வேணாலும் பேசிக்க" என்றது பாட்டி. ஊர்ப் பெயர் சொல்வதில்லை, "ஒரு ஊர்" என்றே வரும். எங்கள் பக்கம் ஊரையும் தெருவையும் சொன்னாலே ஆளின் சாதியைக் கணக்குப் போட்டுவிடுவார்கள், பிறகு சிரிப்பு வேறெங்கோ போய்விடும். உடம்பு, நிறம், சாதி, திக்குவாய், கடன், கல்யாணமாகாதது எதுவும் எங்கள் மேசைக்கு வராது. இவ்வளவையும் ஒதுக்கினால் பேச என்ன மிச்சம் என்று ஒரு சிநேகிதர் கேட்டார். ஒரு குழவி மிச்சம் இருக்கிறது, சால்னா இருக்கிறது, ஆதார் போட்டோ இருக்கிறது. ஒன்றரை வருடமாக எங்களுக்குத் தட்டுப்பாடு வந்ததில்லை.

பதிவு முடிந்த அடுத்த நாள் நாலு பேரில் யாராவது "அந்த இடம் வேண்டாம்" என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுவேன். சிநேகிதம் கெடாமலிருக்க இது அவசியம்.

வெளியிடுவது

இது எளிது. ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் என்ற தளத்தில் கணக்கு திறந்து ஏற்றினால் காசில்லை, எபிசோடுகளை மற்ற ஆப்களுக்குக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் முகவரியும் கிடைக்கும். அதை ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் ஒரே ஒருமுறை கொடுத்தால் போதும், அடுத்த எபிசோடுகள் தானாகப் போய்ச்சேரும். யூடியூபிலும் போடுங்கள், எங்கள் ஆட்கள் பலர் அங்கேதான் கேட்கிறார்கள். அட்டைப்படம் சதுரமாக, 3000-க்கு 3000 பிக்சல். பெயர் இரண்டு மூன்று சொல்லுக்குள், போனில் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கினாலும் படிக்க முடிய வேண்டும். விவரக்குறிப்பில் பெயரை ஆங்கில எழுத்திலும் ஒருமுறை எழுதுங்கள், பாதிப்பேர் அப்படித்தான் தேடுவார்கள்.

சினிமாப் பாட்டும் வசனமும் போடாதீர்கள், உரிமைச் சிக்கல் வந்து எபிசோடே தூக்கப்படலாம். தொடக்கத்துக்கு உங்களிடம் இருக்கும் சத்தம் எது என்று பாருங்கள். எங்கள் நிகழ்ச்சி அப்பாவின் குரலில் தொடங்குகிறது. பந்தலில் மைக் கட்டி முடித்ததும் அவர் சொல்லும் "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்". நாலே வினாடி. கிட்டங்கியில் நிற்க வைத்துப் பதிவு செய்தேன், இரண்டாவது டேக் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வியாழன் அதிகாலை மூன்று மணிக்கு வெளியாகும்படி நேரம் வைத்திருக்கிறோம். மாட்டுத்தாவணியில் பூ மூட்டை இறங்குகிற நேரம் அது. பூக்கடைக்காரர் கடையில் ஸ்பீக்கரில் போடுவார், சுமை இறக்குகிறவர்கள்தான் எங்கள் முதல் ரசிகர்கள். அவர்கள் எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் மூட்டையைத் தூக்கப் போய்விட்டார்கள் என்று அவர் காலையில் சொல்லிவிடுவார். அடுத்த வாரத்துக்கு அதைவிட நல்ல குறிப்பு எனக்குக் கிடைப்பதில்லை.

முடிவில் 'லைக் பண்ணுங்க' என்று கேட்பதற்குப் பதிலாக ஒரு சின்னக் கேள்வியை விட்டுவிட்டுப் போங்கள். குழவி வாரத்தில் "நீங்கள் மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோன பெரிய சாமான் எது?" என்று கேட்டோம். நத்தம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா பலாப்பழக் கதையை வாய்ஸ் மெசேஜில் அனுப்பினார், பின்னால் அவர் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கும் சத்தத்தோடு. போடலாமா என்று கேட்டு, சம்மதம் வாங்கி, அடுத்த வாரத்தை அதிலேயே தொடங்கினோம். வருகிற வாய்ஸ் மெசேஜை வாட்ஸ்அப்பிலேயே விட்டுவைக்காமல் அன்றன்றைக்குத் தேதி போட்டு வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். போன் மாற்றியபோது நாங்கள் பதினொன்றை இழந்துவிட்டோம்.